சாவகாசமாகப் படிக்க வேண்டிய நாலு வரி

என் தம்பியைப் போல ஒரு கல்லுளிமங்கனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வாயைப் பிடுங்கினாலும் நாளுக்கு நாலு வார்த்தை வராது. வருவதிலும் பாதி "சரிக்கா", மீதி "வேண்டாம்க்கா". ஐம்பத்தோரு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நானும் அவனும்தான் இந்த வீட்டில் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். இந்த வீட்டில் பேசுகிற வேலை முழுக்க என்னுடையது.

அவன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்களே, வாங்கியவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் கசக்கிப் போடுவார்களே, அந்தத் தாளைப் பத்துத் தடவை படிப்பதுதான் அவன் பிழைப்பு. நான் மருந்துக்கடையில் நிற்கிறவள். முப்பது வருடத்தில் அந்தத் தாளைப் படித்த ஒரு ஆளை நான் கண்டதில்லை. அதைச் சொல்லி அவனைச் சீண்டுவேன். "யாரும் படிக்கலன்னா என்னக்கா, தப்பா இருந்தா ஒருத்தன் செத்துடுவான்" என்பான். அவனுடைய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. அச்சகத்தில் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி.

இப்படிப்பட்டவன் திடீரென்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தான். அது நடந்து எட்டு ஒன்பது வருடம் இருக்கும். அச்சகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா புதிதாக வந்திருந்தார். எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர் மேடம் என்பார்கள். இவனுடைய மெஷின் ஓட்டை உடைசல், ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். முதலாளி புதிது வாங்கித் தர மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். அந்த மேடம் பழையதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு வேறு ஒரு சிஸ்டம் போட்டுக் கொடுத்தாராம். "காத்து மாதிரி ஓடுதுக்கா" என்றான். நான் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அது ஒரு வினோதமான சிஸ்டம். மற்றவர்கள் கணினியைத் திறந்தால் படமும் பட்டனுமாகக் கடைத்தெரு மாதிரி இருக்கும். இதைத் திறந்தால் கறுப்புத் திரை, அதில் துடிக்கிற ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். காலி வீட்டுக்குக் குடிபோவது மாதிரி, வேண்டிய சாமானை நாமே ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சாமான் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிது, எந்தச் சாவியை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் சின்னச் சின்னக் கோப்புகளில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்புகளை இவனுக்காக எழுதிக் கொடுத்தவர் மேடம்.

எழுதிக் கொடுத்ததோடு விட்டாரா? ஒரு வரிக்கு முன்னால் # என்கிற ஹேஷ் குறி போட்டுவிட்டால் மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம். அது மனிதர்கள் படிப்பதற்கு. பொதுவாக, இந்த வரி இதற்காக என்று எழுதி வைப்பார்கள். மேடம் வேறு மாதிரி எழுதியிருந்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார், அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாது என்பதால். எழுத்தின் அளவைச் சொல்லும் வரிக்கு மேலே, "பெரிசா வச்சிருக்கேன், கண்ணாடி போட மாட்டீங்கன்னு தெரியும்." ஏதோ ஒரு சாவிக்கு மேலே, "இது உங்க சுண்டுவிரலுக்கு, அது சும்மாத்தான் இருக்கு." மாலை ஐந்து மணிக்குத் திரை தானாக மங்கும்படி வைத்திருந்தார். அதற்கு மேலே, "போய் முகம் கழுவிட்டு வாங்க, மருந்து எங்கயும் ஓடாது." இப்படிக் கோப்பு கோப்பாக இருபது முப்பது.

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனான். கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நான் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் வேண்டாமென்று அம்மாவோடு இருந்தவர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்தார். என் தம்பி ஒன்றும் பேசாமல் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். அவர் சிரித்தார். இவனும் சிரித்தான். அவன் பல் வரிசையை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "நான் போய்ப் பேசட்டுமாடா?"

"வேண்டாம்க்கா."

ஜென்மத்தில் அவன் பேச்சைக் கேட்டு நான் நடந்த ஒரே சமயம் அதுதான். இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து மேடம் வேலையை விட்டார். சொந்த ஊரில் இருந்த வீட்டுக்கு அம்மாவோடு திரும்பிப் போக வேண்டியதாகிவிட்டது. அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார், அங்கேதான் சொந்தபந்தம் உண்டு. ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகிற தூரம். அச்சகத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். இவன் என்ன கொடுத்தான், என்ன சொன்னான் என்று கேட்டேன். "போய்ட்டு வாங்கன்னு சொன்னேன்" என்றான். ஊமைக்கோட்டான்.

அடுத்த வருடம் முதலாளிக்கு ஞானம் பிறந்து எல்லோருக்கும் புது மெஷின் வாங்கினார். இவன் பழையதைக் கேட்டு வாங்கி, தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். ஜன்னல் ஓரத்தில் மேஜை போட்டு வைத்தான். கையில் வேலை இல்லாதபோதும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான். ஏதோ கணக்குப் பார்க்கிறான், செய்தி படிக்கிறான் என்று நான் நினைத்தேன். ஒரு நாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அந்த ஹேஷ் போட்ட வரிகளைப் படித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாவின் போட்டோ ஒன்று அவனிடம் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இருந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நான் சத்தமில்லாமல் சமையல்கட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆறு வருடம் அந்த மெஷினில் அவன் ஒரு துரும்பை அசைக்கவில்லை. இந்த மாதிரிச் சிஸ்டத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். புதுப்பித்தால் அவர் வைத்தது வைத்தபடி இருக்காதோ என்று பயம். இந்த வருடம் அச்சகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற கோப்புகள் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. வேறு வழியில்லாமல் ஒரு நாள் காலையில் புதுப்பிக்கிற கட்டளையைக் கொடுத்தான். ஆறு வருடத்து மாற்றம் மொத்தமும் ஒரே மூச்சில் வந்து இறங்கியது. மெஷினை அணைத்துப் போட்டான். நாலு வரி பிழைச் செய்தி வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "முதல்லேருந்து போடணும்க்கா" என்றான்.

ஒரு சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்படிப் போடுவது என்கிற விளக்கத்தைப் பதினாலு பக்கம் அச்செடுத்து வந்திருந்தான். அதிலும் இரண்டு எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தான். அச்சகத்தில் பிழை பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், இன்னொருவர் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே போவார். அதே முறையில் நான் வாசிக்க வேண்டும், அவன் அடிக்க வேண்டும்.

ஒரு சின்ன யூஎஸ்பி குச்சியைச் சொருகி மெஷினை எழுப்பினான். பழைய டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அதன் வழியாகப் பத்திரமாகத் தெரிந்தது. முதல் வேலை அதையெல்லாம் வேறு ஒரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது. அவன் கோப்புகளெல்லாம் இருக்கிற அடைவில், அதாவது ஃபோல்டரில், உள்ள எல்லாவற்றையும் எடு என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கட்டளை கொடுத்தான். இருபது நிமிடம் ஓடியது. பிறகு மூலத்தில் இருக்கும் பெயர்களை வரிசையாகத் திரையில் காட்டச் சொல்லி நான் வாசித்தேன், பிரதியில் இருப்பதை அவன் டிக் அடித்துக்கொண்டே வந்தான். நானூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒன்று குறையவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்த்தோம்.

அடுத்த பக்கத்தில், டிஸ்க்கைத் துண்டு போட்டுச் சுத்தம் செய்கிற இடம். "இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா" என்று மெஷின் கேட்டது. தம்பியின் விரல் சாவிமேல் நின்றது. என்னைப் பார்த்தான்.

"அதான் எல்லாம் எடுத்தாச்சே, அழுத்துடா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

அழுத்தினான். கால் நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உற்சாகமாகவே நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் வாசிக்க வாசிக்க அவன் அடித்தான். அடிப்படைச் சாமான்கள் இணையத்திலிருந்து இறங்கி வந்தன. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து மெஷினுக்கு மணி வைத்தான். கடவுச்சொல் அடிக்கும்போது என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னான். திரையில் ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் திரும்பிக்கொண்டேன். மெஷினுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. நான் நாலைந்து சொன்னேன், ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளாமல் 'பூதக்கண்ணாடி' என்று அடித்தான். "இதான்க்கா பழைய பேரும். மேடம் வச்சது." அவன் காது மடல் சிவந்துவிட்டது.

மதியம் ஒரு மணிக்கு யூஎஸ்பி குச்சியைப் பிடுங்கிவிட்டு மறுபடி கிளப்பினான். கறுப்புத் திரையில் கோடு துடித்தது. எனக்கே கை தட்டலாம் போலிருந்தது. பார்த்தால் இணையம் இல்லை. இணையத்தோடு பேசுகிற சாமானை வைக்க மறந்துவிட்டோம். அதை இறக்க இணையம் வேண்டும். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வாசல் வைக்காமல் உள்ளேயே நின்றுகொண்டிருக்கிற கதை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைத் தாண்டி வாசித்துவிட்டேன். "மூலத்தை வாசிக்கிறவர் தூங்கினா வேலை போயிடும்க்கா" என்று சிரித்தான். குச்சியை மறுபடி சொருகி, உள்ளே போய், அதை வைத்துவிட்டு வெளியே வந்தான். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பிரதி எடுத்ததை உள்ளே இறக்கினான். மருந்துத் தாள்கள் எல்லாம் வந்தன. இனி திரை பழையபடி இருக்க வேண்டும், மேடம் எழுதிய கோப்புகளை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். ஏதோ அடித்தான். நின்றான். மறுபடி அடித்தான். பிரதி எடுத்த டிஸ்க்கைக் கழற்றிச் சொருகி இன்னொரு தடவை அடித்தான். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

"என்னடா?"

மறுபடியும் டிஸ்க்கைக் கழற்றிச் சொருகினான்.

"என்னன்னு சொல்லித் தொலையேன்."

"புள்ளிக்கா" என்றான். பேயறைந்த மாதிரி இருந்தது முகம்.

பிடுங்கிப் பிடுங்கித்தான் விஷயத்தை வாங்கினேன். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்பு கண்ணுக்குத் தெரியாதாம். மறைந்திருக்கும். மேடம் எழுதிய அமைப்புக் கோப்புகள் எல்லாமே அப்படித்தான். நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் எடு என்றால், தெரிகிற எல்லாவற்றையும்தான் எடுக்கும். இது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நாங்கள் மூலத்தோடு ஒப்பிட்டோமே என்றேன். மூலத்தின் பட்டியலிலும் அவை தெரிந்திருக்காது. இரண்டு பட்டியலிலும் ஒரே ஓட்டை, அதனால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு அரை மாத்திரை என்பதில் ஒரு சின்ன அரைப்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவன், பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்து டிக் அடித்து, அத்தனையையும் தொலைத்துவிட்டான்.

திங்கட்கிழமை டிஸ்க்கைக் கழற்றி, அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினான். கடைக்காரர் நல்ல மனிதர், இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். இருமல் மருந்துத் தாளின் பாதி கிடைத்தது. "அழிச்சிருந்தா பரவால்ல சார், அது மேலயே புதுசா எழுதிட்டீங்களே" என்றாராம்.

அந்த வாரம் அவன் சாப்பிட்டது கொஞ்சம். அச்சகத்தில் மிஞ்சிய தாளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு வரியாக எழுத ஆரம்பித்தான். நிச்சயமாகத் தெரிந்தது நீல மையில். சந்தேகமாக இருப்பது பென்சிலில், ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு. "மருந்து எங்கயும் ஓடாதுன்னு இருந்துச்சா, போகாதுன்னு இருந்துச்சாக்கா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஓடாது என்றேன். இருபத்தாறு வரி எழுதிவிட்டான். கடைசியில் "கடைசி" என்று தலைப்பு மட்டும் எழுதி, கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருந்தான்.

"இது என்னடா? மறந்துபோச்சா?"

"மறக்கல. படிக்கல."

மேடம் கிளம்பிய அன்று இவன் மேஜைக்கு வந்து சொல்லியிருக்கிறார்: "சார், கடைசின்னு ஒரு ஃபைல் வச்சிருக்கேன். மத்தவங்க கண்ணுல படாம இருக்கட்டும்னு முன்னாடி ஒரு புள்ளி வச்சிருக்கேன். நாலே நாலு வரி. சாவகாசமா படிங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த முறத்தை அவன் தலைமேல் போட்டிருப்பேன். "சாவகாசமா படிங்கன்னா, ஆறு வருஷமாடா?"

பென்சிலை மேஜைமேல் வைத்தான். பிறகு, "அதைப் படிச்சுட்டா அப்புறம் அவங்ககிட்டேருந்து புதுசா படிக்க ஒண்ணும் இல்லக்கா" என்றான். கொஞ்சம் கழித்து, "வெறுமனே மெஷினைப் பத்தி எழுதியிருந்தாங்கன்னா? படிக்காத வரைக்கும் அது எதுவா வேணா இருக்கலாம்ல" என்றான்.

என் வீட்டுக்காரரின் சட்டை ஒன்றை நானும்தான் துவைக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் அவர் செத்துப்போனவர். இந்த அம்மா உயிரோடு இருக்கிறவர்.

"அவங்களையே கேளேன். முகவரி எதாவது இருக்கா?"

"மெயில் இருக்கு. அச்சகத்துப் பழைய நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க."

"எப்பலேருந்து இருக்கு?"

"முதல்லேருந்து இருக்குக்கா. எழுத ஒரு காரணம் இல்ல."

மண்டையில் அடித்துக்கொண்டேன். "இப்ப வந்துருச்சுல்ல காரணம், எழுது."

நாலு நாள் தாளில் எழுதினான். ஐந்தாம் நாள் என்னிடம் காட்டினான். "மதிப்புக்குரிய அம்மையீர், தாங்கள் அமைத்துக் கொடுத்த கணினியின் அமைப்புக் கோப்புகள் எதிர்பாராத விதமாக அழிந்துவிட்டபடியால்" என்று தொடங்கியது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று மட்டும்தான் எழுதவில்லை. கிழித்துப் போட்டேன். பேசுகிற மாதிரி எழுது, நடந்ததை எழுது என்று பக்கத்தில் நின்று எழுத வைத்தேன். போனது இதுதான்: "மேடம், மெஷினைப் புதுசா போட்டேன். நீங்க எழுதி வச்ச குறிப்பெல்லாம் என் தப்பால அழிஞ்சுபோச்சு. உங்ககிட்ட பிரதி இருக்கா? கடைசி ஃபைலை நான் படிக்கவே இல்ல. எடுத்து வச்சிருந்தேன். அதுல என்ன இருந்துச்சு?"

ஒன்பது நாள் பதில் இல்லை. காலையில் எழுந்ததும் பார்ப்பான், அச்சகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பார்ப்பான். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் மாலை அச்சகத்திலிருந்து வந்தவன், செருப்போடு உள்ளே நடந்து வந்து, கைபேசியை நீட்டி, "நீயே வாசிக்கா" என்றான். நான் உரக்க வாசித்தேன், அவன் நின்றபடி கேட்டான்.

"சார், பிரதி எங்கிட்ட எப்படி இருக்கும்? அதெல்லாம் உங்க மெஷின்ல உக்காந்து உங்களுக்குன்னு எழுதினது. வேற எங்கயும் இல்ல. கடைசி ஃபைல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முதல் வரி, மாசம் ஒரு தடவை அப்டேட் பண்ணுங்க, விட்டுவச்சா ஒரு நாள் மொத்தமா உடையும். ரெண்டாவது, பேக்கப் எடுக்கும்போது புள்ளி வச்ச ஃபைலையும் சேத்து எடுங்க. மூணாவது, திரையை ஈரத்துணியால துடைக்காதீங்க. நாலாவதுல அம்மா வீட்டு போன் நம்பர் எழுதி, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிடுவாங்க, நான் சும்மாத்தான் இருப்பேன், கூப்பிடுங்கன்னு போட்டிருந்தேன். ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் எங்கயும் போகல சார். நீங்க படிச்சுட்டுத்தான் பேசாம இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் அம்மா போய்ட்டாங்க. வீடு மாத்தினேன், அந்த நம்பரும் போச்சு. கோவமெல்லாம் இல்ல. மெஷின் இப்ப நல்லா ஓடுதா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இவனும் ஒரு நாளும் எங்கேயும் போனதில்லை. நான் கடைக்குக் கிளம்பும்போது அந்தப் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். அந்த நாலு வரி இவன் கைக்கு அரை முழத் தூரத்தில் இருந்தது. அங்கே அந்த அம்மா போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இங்கே இவன் சுண்டுவிரலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"புது நம்பரைக் கேளுடா" என்றேன்.

"எந்த முகத்தோடக்கா கேக்கறது?"

"அப்ப உன் நம்பரைக் குடு."

நிமிர்ந்து பார்த்தான். பிறகு திரும்பி அடிக்க ஆரம்பித்தான். இந்தத் தடவை நாலு நாள் ஆகவில்லை, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தன் கைபேசி எண்ணை எழுதினான். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் எங்கயும் போக மாட்டேன்" என்று எழுதினான். நான் தோளுக்கு மேலிருந்து பார்த்தேன், கிழமை என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. சொல்வதற்குள் அனுப்பிவிட்டான்.

அதற்குப் பதில் வரவில்லை. மூன்று ஞாயிறு போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பதரைக்கே சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். மெஷினை அன்றைக்குத் திறப்பதில்லை. பதினோரு மணிக்கு எழுந்து போய் முகம் கழுவுகிறான். கேட்டால் "சரிக்கா" என்கிறான், நான் எதைக் கேட்டேன் என்றுகூடக் கவனிக்காமல்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பையைத் துழாவிப் பார்த்தேன், கடைச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மணி பத்து அடிக்க ஐந்து நிமிடம். கடை முதலாளி ஊரில் இல்லை. கதவுக்கு முன்னால் மருந்துச் சீட்டோடு இரண்டு பேர் நின்றார்கள். ஒரு போன் போட்டால் தம்பி சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்திருப்பான். கைபேசியைக் கையில் எடுத்தேன், அவன் பெயர் வரைக்கும் போனேன். பிறகு பைக்குள் போட்டுவிட்டு, அந்த இரண்டு பேரிடமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தான். பின்பக்கமாக உள்ளே போய், சத்தம் வராமல் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.